அரேயா, லிங்க்டு லிஸ்ட்டா, ஹாஷ் டேபிளா, மரமா: புராஜெக்ட்டுக்கு எதை எடுப்பது?

"எந்தத் தரவுக் கட்டமைப்பு வேகமானது?" புராஜெக்ட் தொடங்கும் பள்ளி மாணவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். தரவுக் கட்டமைப்பு என்றால் நிரல் தன் தரவை அடுக்கி வைக்கும் முறை. இந்தக் கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. தேடுவதில் பறக்கிற ஒன்று, எல்லாவற்றையும் வரிசையாக அச்சிடச் சொன்னால் கையை விரித்துவிடும். நுழைப்பதில் சுளுவாக இருக்கிற இன்னொன்று, ஐந்நூறாவது பதிவைக் கொடு என்றால் முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். தேர்வுத் தாளிலும் இதே கதைதான். "இந்தச் சூழலுக்குப் பொருத்தமான கட்டமைப்பு எது, காரணம் தருக" என்று கேட்டால் பெயரைச் சரியாக எழுதிவிடுகிறார்கள், காரணம் எழுத வேண்டிய இடத்தில் "வேகமானது" என்று ஒரு சொல் மட்டும் தனியாக நிற்கிறது.

அதனால் ஒரே வேலையை எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதன்மேல் ஓட்டிப் பார்ப்போம். வேலை இது: மாணவர் பதிவுகளை வைத்துக்கொள்ளும் ஒரு நிரல். ஒவ்வொரு பதிவிலும் பதிவெண், பெயர், மதிப்பெண். புதுப் பதிவு சேர்க்க வேண்டும், பதிவெண் கொடுத்தால் தேடித் தர வேண்டும், சிலவற்றை நீக்க வேண்டும், கடைசியில் மதிப்பெண் வரிசையில் ஒரு பட்டியல். நூலகப் பதிவேடு, சரக்குக் கணக்கு, விளையாட்டின் ஸ்கோர் பலகை என்று எதை எடுத்தாலும் பெயர்களை மாற்றினால் பெரும்பாலும் இதே வேலைதான்.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண அரேயிலிருந்து தொடங்குங்கள். அதை விட்டு நகர்வதென்றால், "இந்த வேலை இத்தனை முறை நடக்கிறது, அது அரேயில் இத்தனை படிகள் எடுக்கிறது" என்று எண்ணிக்கையோடு ஒரு காரணம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல முடியாவிட்டால் நகராதீர்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், எந்த வேலை அடிக்கடி நடக்கிறது என்பது. வருடத்துக்கு ஒருமுறை பதிவு சேர்த்துவிட்டு தினமும் நூறு முறை தேடுகிற நிரலும், நொடிக்கு நொடி சேர்த்து நீக்கிக்கொண்டே இருக்கிற நிரலும் ஒன்றல்ல. ஒரு தாளில் சேர்த்தல், தேடல், நீக்கல், வரிசையாகக் காட்டல் என்று நான்கு வரி எழுதி எதிரே தோராயமாக எத்தனை முறை என்று போடுங்கள். இதைச் செய்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அடுத்தது, எவ்வளவு தரவு. ஐம்பது பதிவுகள்தான் என்றால் எதைப் போட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, அப்போது எழுதச் சுலபமானதே சிறந்தது. அப்புறம், தரவு எந்த ஒழுங்கில் வந்து சேர்கிறது என்பது. இதை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் மரம் எடுத்தவர்களை இதுதான் கவிழ்க்கும், கீழே பார்க்கலாம். வரிசையான பட்டியலோ, "60-இலிருந்து 70 வரை மதிப்பெண் எடுத்தவர்கள்" போன்ற இடைவெளிக் கேள்வியோ வருமா என்பது இன்னொன்று. நினைவகச் செலவும் உண்டு, பள்ளிப் புராஜெக்ட்டில் அது அபூர்வமாகத்தான் தடையாகும்.

கடைசியாக நான் அதிக மதிப்பெண் தருகிற அளவுகோல்: இதை உங்களால் பிழையில்லாமல் எழுதி, சோதித்து, கேட்டால் விளக்க முடியுமா?

வளர்ச்சி வேகத்தை, அதாவது பிக் ஓ என்று படிக்கிறோமே அதை, ஒருமுறை எண்களாகப் பார்த்துவிடுவது நல்லது. பத்து லட்சம் பதிவுகள் இருந்தால், ஒவ்வொன்றாகப் பார்க்கிற தேடலுக்குக் கடைசியில் இருக்கும் பதிவைப் பிடிக்கப் பத்து லட்சம் ஒப்பீடுகள். ஒவ்வொரு முறையும் பாதியைக் கழிக்கிற தேடலுக்கு 20 போதும், ஏனென்றால் இரண்டை இருபது முறை பெருக்கினாலே 10,48,576 வந்துவிடுகிறது. ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் கோடி ஒப்பீடுகள். கீழே இருக்கும் அட்டவணையில் "சில படிகள்" என்றால் அந்த 20 போன்ற எண், "எல்லாம்" என்றால் பதிவுகளின் எண்ணிக்கை அளவு. நோடு என்பது லிங்க்டு லிஸ்ட்டின் ஒரு கண்ணி, தலை அதன் முதல் கண்ணி.

| | பதிவெண்ணால் தேடல் | சேர்த்தல் | நீக்கல் (இடம் தெரிந்த பின்) | வரிசையாகக் காட்டல் | எழுதச் சிரமம் |
|---|---|---|---|---|---|
| வரிசைப்படுத்தாத அரே | எல்லாம் | ஒரு படி (கடைசியில்) | எல்லாம். இடம் மாற்றினால் ஒரு படி | முதலில் வரிசைப்படுத்த வேண்டும் | மிகக் குறைவு |
| வரிசைப்படுத்திய அரே | சில படிகள் | எல்லாம் | எல்லாம் | அப்படியே படிக்கலாம் | குறைவு |
| லிங்க்டு லிஸ்ட் | எல்லாம் | ஒரு படி (தலையில்) | ஒரு படி (முந்தைய நோடு கையில் இருந்தால்) | வரிசையில் வைத்திருந்தால் அப்படியே | நடுத்தரம் |
| ஹாஷ் டேபிள் | ஒன்றிரண்டு படிகள், மோசமானால் எல்லாம் | அதே | அதே | முடியாது, தனியாக வரிசைப்படுத்த வேண்டும் | நிரல்மொழியிலேயே இருந்தால் இல்லை, நாமே எழுதினால் அதிகம் |
| இருமத் தேடல் மரம் | சில படிகள், சாய்ந்தால் எல்லாம் | அதே | அதே | அப்படியே படிக்கலாம் | அதிகம் |

அட்டவணையை மனப்பாடம் செய்து பயனில்லை. "மோசமானால்", "சாய்ந்தால்", "கையில் இருந்தால்" என்று நடுநடுவே வருகிற நிபந்தனைகளில்தான் எல்லாமே இருக்கிறது.

## வரிசைப்படுத்தாத அரே

பைத்தானில் லிஸ்ட், ஜாவாவில் அரேலிஸ்ட், இரண்டுமே உள்ளுக்குள் அரேதான். நினைவகத்தில் அடுத்தடுத்த இடங்கள், அதனால் இன்டெக்ஸ் (0-இலிருந்து எண்ணும் இட எண்) தெரிந்தால் நேரே போய் எடுத்துவிடலாம். இடம் நிரம்பினால் பெரிய இடமாகப் பார்த்து எல்லாவற்றையும் நகலெடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் இடத்தை இரட்டிப்பாக்கினால், மொத்தமாகச் செய்த நகல்கள் பதிவுகளின் எண்ணிக்கையைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாது, அதனால்தான் கடைசியில் சேர்ப்பது சராசரியாக ஒரு படி என்கிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு முதல் இடத்தில் நுழைக்கும்போது வெளிப்படும். புதுப் பதிவை இன்டெக்ஸ் 0-இல் வைத்தால் மீதி எல்லாமே ஒரு இடம் தள்ளிப் போக வேண்டும். 10,000 பதிவுகளை இப்படியே முன்னால் முன்னால் சேர்த்தால் மொத்தம் 4,99,95,000 நகர்த்தல்கள். அதே பதிவுகளைக் கடைசியில் சேர்த்துவிட்டுத் திருப்பிப் போட்டால் முடிந்தது.

நீக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. 4, 6, 8, 3 என்ற லிஸ்ட்டில் இரட்டை எண்களை நீக்க, அதே லிஸ்ட்டின் மேல் மடக்கு (லூப், ஒவ்வொன்றாகத் திரும்பத் திரும்பச் செய்வது) ஓட்டிக்கொண்டே நீக்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்டெக்ஸ் 0-இல் 4, நீக்கியாயிற்று. உடனே 6 நகர்ந்து இன்டெக்ஸ் 0-க்கு வந்துவிடுகிறது. மடக்கு அதைத் தாண்டி இன்டெக்ஸ் 1-க்குப் போகிறது, அங்கே 8, நீக்கியாயிற்று. கையில் மிஞ்சியது 6, 3. நிரல் எந்தப் பிழையும் காட்டாது, 6 மட்டும் தப்பித்து உட்கார்ந்திருக்கும். பின்னாலிருந்து முன்னால் மடக்கு ஓட்டினாலோ, வேண்டியவற்றை மட்டும் புது லிஸ்ட்டில் எடுத்தாலோ இந்தத் தொல்லை இல்லை. ஒழுங்கு முக்கியமில்லை என்றால் இன்னும் சுலபம்: கடைசிப் பதிவை நீக்க வேண்டிய இடத்தில் தூக்கி வைத்துவிட்டுக் கடைசி இடத்தை வெட்டிவிடுங்கள், ஒரே படி.

எப்போது இதுவே சரி? சில நூறு பதிவுகள், எப்போதாவது தேடல், கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும் தரவு. அளவீடுகளைப் பதிவுசெய்கிற நிரல்களுக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

## வரிசைப்படுத்திய அரேயும் இருமத் தேடலும்

பதிவெண் வரிசையில் அரே இருந்தால் நடுவில் பார்த்து, பெரிதா சிறிதா என்று தெரிந்துகொண்டு, பாதியைத் தூக்கி எறியலாம். 2,000 பதிவுகளுக்கு அதிகபட்சம் 11 ஒப்பீடுகள்.

வரிசைப்படுத்தும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும், அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 1,000 பதிவுகளை வைத்துப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொன்றாகத் தேடினால் சராசரி 500 ஒப்பீடுகள், இருமத் தேடலில் 10. ஒரு தேடலுக்கு மிச்சம் 490. மெர்ஜ் சார்ட் (பாதி பாதியாக வரிசைப்படுத்தி இணைப்பது) போன்ற நல்ல முறையில் வரிசைப்படுத்த ஏறத்தாழ 10,000 ஒப்பீடுகள் ஆகும் என்றால், இருபது இருபத்தொரு தேடலிலேயே போட்ட முதல் திரும்பி வந்துவிடும். அதையே பபுள் சார்ட்டில் (பக்கத்துப் பக்கத்துப் பதிவுகளை ஒப்பிட்டு இடம் மாற்றுவது) செய்தால் 4,99,500 ஒப்பீடுகள், முதல் திரும்ப ஆயிரம் தேடல்களுக்கு மேல் வேண்டும். ஆக, "வரிசைப்படுத்தித் தேடுவது நல்லதா" என்ற கேள்விக்கு "எத்தனை முறை தேடப் போகிறீர்கள், எதைக்கொண்டு வரிசைப்படுத்துகிறீர்கள்" என்பதே எதிர்க்கேள்வி. ஒரே ஒரு முறை தேடுவதற்காக வரிசைப்படுத்துவது வீண் வேலை. மொழியிலேயே இருக்கும் வரிசையாக்கத்தை விட்டுவிட்டு பபுள் சார்ட் எழுதுவது, பாடத்தில் கேட்டால் ஒழிய, அதைவிட வீண்.

அதே சமயம் இன்செர்ஷன் சார்ட்டை ஒதுக்கிவிடாதீர்கள். ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பட்டியலின் கடைசியில் ஒரு பதிவு வந்து சேர்ந்தால் அதை அதன் இடத்துக்குத் தள்ளுவது ஒரே ஓட்டம்தான். பைத்தானின் சொந்த வரிசையாக்கமான டிம்சார்ட், 2002-இல் டிம் பீட்டர்ஸ் எழுதியது, ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து அவற்றை இணைக்கிறது. சின்னத் துண்டுகளுக்கு இன்செர்ஷன் சார்ட்டையே பயன்படுத்துகிறது.

இருமத் தேடலை நாமே எழுதும்போது ஓரங்களில்தான் சறுக்கல். தேட வேண்டிய எல்லை 4-க்கும் 5-க்கும் சுருங்கிவிட்டது என்று வையுங்கள். நடு, மீதியை விட்டு வகுத்தால், 4. தேடுவது அதைவிடப் பெரியது என்றால் கீழ் எல்லையை 5 ஆக்க வேண்டும். நடுவுக்கு அடுத்தது என்று எழுதாமல் "கீழ் எல்லை = நடு" என்று எழுதியிருந்தால் மறுபடி 4, 5, நடு 4. அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். சோதிக்கும்போது இல்லாத எண்ணைத் தேடுவது, முதல் எண், கடைசி எண், ஒரே எண் உள்ள அரே, காலி அரே, இந்த ஐந்தையும் கட்டாயம் ஓட்டுங்கள். பெரியவர்களும் இங்கே தடுக்கி விழுந்திருக்கிறார்கள்: ஜாவாவின் சொந்த நூலகத்தில் (தயாராகக் கிடைக்கும் நிரல் தொகுப்பில்) இருந்த இருமத் தேடலில், இரண்டு எல்லைகளையும் கூட்டும்போது கூட்டுத்தொகை 2,14,74,83,647-ஐத் தாண்டினால் எதிர்மறை எண்ணாகிவிடும் பிழை பல வருடம் ஒளிந்திருந்ததை 2006-இல் அந்த நூலகத்தை எழுதியவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் எழுதினார். பைத்தானில் முழு எண்ணுக்கு அந்த எல்லை இல்லை, ஜாவா, சி எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

தரவு ஒருமுறை ஏற்றப்பட்டு அதிகம் மாறாமல், தேடலும் இடைவெளிக் கேள்விகளும் நிறைய வந்தால் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நாள் முழுக்கச் சேர்த்தலும் நீக்கலும் நடந்தால் ஒவ்வொரு முறையும் பாதி அரே நகர வேண்டியிருக்கும், அங்கே இது சரிப்படாது.

## லிங்க்டு லிஸ்ட்

ஒவ்வொரு பதிவும் ஒரு நோடில் இருக்கும், அடுத்த நோடு எங்கே என்று காட்டும் முகவரியும் (பாயின்டர்) கூடவே இருக்கும், இதுதான் லிங்க்டு லிஸ்ட். பாடப்புத்தகத்தில் இதற்குக் கிடைக்கும் இடத்துக்கும் புராஜெக்ட்டில் இதனால் கிடைக்கும் பலனுக்கும் சம்பந்தமே இல்லை என்பது என் எண்ணம். 1950களின் நடுவில் ஆலன் நியூவெல், கிளிஃப் ஷா, ஹெர்பர்ட் சைமன் மூவரும் தங்கள் ஆரம்பகாலச் செயற்கை நுண்ணறிவு நிரல்களுக்காக இதை உருவாக்கினார்கள். எத்தனை பதிவு வரும் என்று முன்கூட்டியே தெரியாத நிலையில், நினைவகம் சொட்டுச் சொட்டாகவே இருந்த காலத்தில், அது பெரிய விடுதலை. இன்றைக்கு அரேலிஸ்ட் தானாகவே வளர்கிறது.

"நுழைக்க ஒரே படி" என்று படிக்கிறோம். முந்தைய நோடு ஏற்கெனவே கையில் இருந்தால் ஒரே படிதான். ஆனால் பதிவெண் 1407-க்கு அடுத்து நுழை என்றால், அந்த 1407-ஐக் கண்டுபிடிக்கத் தலையிலிருந்து நடந்து போக வேண்டுமே? அந்த நடையைக் கணக்கில் சேர்த்தால் அரேயில் நகர்த்துவதற்கும் இதற்கும் படிகளின் எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் இல்லை. நேரத்தில் பார்த்தால் இது தோற்கவும் கூடும்: இன்றைய பெரும்பாலான கணினிகள் நினைவகத்திலிருந்து 64 பைட் கொண்ட துண்டு துண்டாகத்தான் எடுத்து வருகின்றன, 4 பைட் எண்கள் கொண்ட அரே என்றால் ஒரே எடுப்பில் 16 எண்கள் கைக்கு வந்துவிடும், நோடுகளோ எங்கெங்கோ சிதறிக் கிடக்கும். ஒவ்வொரு 4 பைட் எண்ணுக்கும் கூடவே 8 பைட் பாயின்டர் வேறு, இடையில் விடுபடும் பைட்டுகளையும் சேர்த்தால் 16 பைட் ஆகிவிடும், அதாவது நான்கு மடங்கு. இருமத் தேடலும் ஓடாது, நடுவுக்கு நேரே தாவ வழியில்லை.

எழுதும்போது வரிசை மாறினால் தரவே போய்விடும். புது நோடை நுழைக்கையில், முதலில் புது நோடின் "அடுத்தது" பாயின்டரை மீதிப் பட்டியலைப் பார்க்க வையுங்கள், அப்புறம்தான் முந்தைய நோடைப் புது நோடைப் பார்க்க வைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் மீதிப் பட்டியலுக்குப் போகும் ஒரே வழி அறுந்துவிடும்.

எங்கே நல்லது? இடம் கையிலேயே இருக்கும்போது. ஹாஷ் டேபிளில் ஒரே இடத்துக்கு வருபவற்றைத் தொடராக வைப்பதற்கு, இசைப் பட்டியலில் இப்போது ஓடும் பாட்டுக்கு அடுத்து ஒன்றை நுழைப்பதற்கு. புராஜெக்ட் மதிப்பீட்டில் "பாயின்டரைக் கையாண்டு காட்டு" என்று கேட்டிருந்தாலும் இதை எடுக்கலாம், அது நேர்மையான காரணம்தான், அதை அப்படியே எழுதுங்கள்.

## ஹாஷ் டேபிள்

பைத்தானில் டிக்ஷனரி, ஜாவாவில் ஹாஷ்மேப். பதிவெண்ணை ஒரு கணக்கில் போட்டு இடத்தை நேரடியாகக் கண்டுபிடிக்கிற யோசனை. ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் 1953-இல் எழுதிய ஒரு குறிப்பு இதன் ஆரம்பங்களில் ஒன்று. பதிவெண்ணால் தேடல்தான் உங்கள் நிரலின் பெரும்பங்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறையாவது கையால் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

11 இடங்கள், 0 முதல் 10 வரை. எண்ணை 11-ஆல் வகுத்து வரும் மீதிதான் இடம். அங்கே ஆள் இருந்தால் அடுத்த இடம். 27, 18, 29, 28, 39, 13, 16 என்று வரிசையாகச் சேர்ப்போம். 27-க்கு மீதி 5, உட்கார்ந்தது. 18-க்கு 7. 29-க்கும் 7, ஆள் இருக்கிறது, அதனால் 8. 28-க்கு 6. 39-க்கும் 6, 6, 7, 8 எல்லாம் நிறைந்திருக்க 9-இல் போய் விழுகிறது. 13-க்கு 2, பிரச்சினை இல்லை. கடைசியாக 16, மீதி 5: 5, 6, 7, 8, 9 என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிவிட்டு 10-இல் இடம் கிடைக்கிறது. பதினொன்றில் ஏழுதான் நிறைந்திருக்கிறது, அதற்குள் ஒரு பதிவுக்கு ஆறு முறை பார்க்க வேண்டியதாயிற்று. இதனால்தான் நிஜ ஹாஷ் டேபிள்கள் முழுதும் நிரம்பும்வரை காத்திருப்பதில்லை. ஜாவாவின் ஹாஷ்மேப் சாதாரணமாக 16 இடங்களோடு தொடங்கி முக்கால்வாசி நிறைந்ததுமே இரட்டிப்பாகிறது. காலியாகக் கிடக்கும் அந்த இடங்கள்தான் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை.

இப்போது 28-ஐ நீக்குங்கள். இடம் 6 காலி. அடுத்து 39 இருக்கிறதா என்று தேடினால்? மீதி 6, போய்ப் பார்த்தால் காலி, "இல்லை" என்று சொல்லிவிடும். 39 மூன்று இடம் தள்ளி 9-இல் சும்மா உட்கார்ந்திருக்கிறது! அதனால் நீக்கிய இடத்தைக் காலி என்று விடாமல் "இங்கே ஒருவர் இருந்தார்" என்று ஒரு அடையாளம் வைக்க வேண்டும்: தேடுபவர் அதைத் தாண்டிப் போவார், சேர்ப்பவர் அங்கே உட்காரலாம். ஹாஷ் டேபிளைச் சொந்தமாக எழுதும் மாணவர்கள் சேர்த்தலையும் தேடலையும் அழகாக எழுதிவிட்டு நீக்கலில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

மொழியில் இருப்பதையே எடுத்தாலும் செலவுகள் உண்டு. பெயரைச் சாவியாக (தேடப் பயன்படும் மதிப்பாக) வைத்தால் ஒரே பெயரில் இரண்டாவது மாணவர் வந்ததும் முதல் மாணவரின் பதிவு சத்தமில்லாமல் அழிந்துவிடும். தனித்துவமான எண்ணைத்தான் சாவியாக வைக்க வேண்டும். மதிப்பெண் 60 முதல் 70 வரை என்றால் எல்லாப் பதிவுகளையும் புரட்ட வேண்டும். பைத்தான் 3.7-இலிருந்து டிக்ஷனரி சேர்த்த வரிசையைக் காப்பாற்றும் என்பது உறுதி, ஆனால் சேர்த்த வரிசை வேறு, மதிப்பெண் வரிசை வேறு, இரண்டையும் குழப்பிக்கொண்டு "டிக்ஷனரி வரிசைப்படுத்தும்" என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். "எப்போதும் ஒரே படி" என்றும் எழுதாதீர்கள். சராசரியாக என்று சேர்த்து எழுதுங்கள். எல்லாச் சாவியும் ஒரே இடத்துக்கு வந்தால் இது வெறும் நேர்த் தேடல்தான். வேண்டுமென்றே அப்படிப்பட்ட சாவிகளை அனுப்பி இணையச் சேவைகளைத் திணறடிக்க முடியும் என்று 2011 கடைசியில் பெரிதாகப் பேசப்பட்டது, அதன் பிறகு 2012-இல் வந்த பைத்தான் 3.3 எழுத்துச்சரங்களின் ஹாஷ் கணக்கை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாற்றத் தொடங்கியது.

## இருமத் தேடல் மரம்

ஒவ்வொரு நோடுக்கும் கீழே அதிகபட்சம் இரண்டு கிளைகள்: சிறியது இடது பக்கம், பெரியது வலது பக்கம். 50, 30, 70, 20, 40, 60, 80 என்ற வரிசையில் சேர்த்தால் மூன்று மட்டத்தில் அழகாக உட்காரும், எதையும் மூன்று ஒப்பீட்டுக்குள் பிடிக்கலாம். அதே ஏழு எண்களை 20, 30, 40 என்று ஏறுவரிசையில் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் வலது பக்கமே போய் ஏழு மட்டம் கொண்ட ஒற்றைச் சங்கிலி ஆகிவிடும். மரம் என்று பெயர், உள்ளே லிங்க்டு லிஸ்ட்.

இது ஏதோ அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். பதிவெண்கள் பெரும்பாலும் ஏறுவரிசையில்தான் வருகின்றன, கோப்பிலிருந்து படித்தாலும் அப்படித்தான். பைத்தானில் தற்சுழற்சியாக (செயற்கூறு தன்னையே அழைப்பதாக) எழுதிய மரத்தில் இதற்கு உடனடித் தண்டனையும் இருக்கிறது: தற்சுழற்சி ஆழத்துக்கு வழக்கமான வரம்பு 1,000, ஏறுவரிசையில் ஆயிரத்தை நெருங்கும்போது நிரல் பிழை காட்டி நின்றுவிடும். நூறு பதிவுகளோடு சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது. சேர்க்கும் முன் பதிவுகளைக் கலைத்துப் போட்டால் சமாளிக்கலாம், 1,000 பதிவுகளுக்குச் சராசரியாகப் பன்னிரண்டு ஒப்பீடு வாக்கில் வரும். தானே சமன் செய்துகொள்ளும் மரங்கள் இருக்கின்றன, 1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கியும் லாண்டிஸும் தந்த ஏவிஎல் மரம்தான் அவற்றில் முதலாவது, ஆனால் அதைப் பள்ளிப் புராஜெக்ட்டில் எழுத உட்கார்ந்தால் மற்ற எதற்கும் நேரம் மிஞ்சாது.

நீக்கலும் லேசு அல்ல. இலை (கீழே எதுவும் இல்லாத நோடு) என்றால் வெட்டிவிடலாம், ஒரு பிள்ளை (நேர் கீழே உள்ள நோடு) என்றால் அதை மேலே தூக்கலாம், இரண்டு பிள்ளைகள் என்றால் வலது பக்கத்தில் மிகச் சிறியதைக் கண்டுபிடித்து அந்த இடத்தில் வைத்து, அதன் பழைய இடத்தையும் சரிசெய்ய வேண்டும். மேலே உள்ள மரத்தில் 50-ஐ நீக்கினால் 60 மேலே வரும்.

இவ்வளவுக்கும் பிறகு இது எப்போது வேண்டும் என்றால், தரவும் ஓயாமல் மாறுகிறது, எந்த நிமிடம் கேட்டாலும் வரிசையாகவும் வேண்டும், இரண்டும் சேர்ந்து வரும்போது. ஜாவாவில் ட்ரீமேப் இருக்கிறது, உள்ளே சமன் செய்யும் சிவப்பு-கறுப்பு மரம், அதை எடுத்துப் பயன்படுத்துங்கள். பைத்தானோடு இப்படி எதுவும் வருவதில்லை, பெரும்பாலும் வரிசைப்படுத்திய லிஸ்ட்டே போதும்.

## ஸ்டாக், க்யூ எங்கே போயிற்று?

அவை இந்தப் போட்டியில் இல்லை. எந்தப் பக்கம் போட்டு எந்தப் பக்கம் எடுப்பது என்ற விதிதான் ஸ்டாக்கும் க்யூவும், அந்த விதியை அரேயிலும் நிறைவேற்றலாம், லிங்க்டு லிஸ்ட்டிலும் நிறைவேற்றலாம். கடைசியில் வந்தது முதலில் போகும் ஸ்டாக் என்றால் அரேயின் கடைசியில் போட்டுக் கடைசியிலிருந்தே எடுங்கள், வேறு யோசனையே வேண்டாம். முதலில் வந்தது முதலில் போகும் க்யூவில் மட்டும் கவனம்: முன்னால் இருந்து எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் எல்லாமே நகரும். தலை எங்கே, வால் எங்கே என்று இரண்டு எண்களை வைத்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும் அரே எழுதலாம், அல்லது இரு முனையிலும் போட்டு எடுக்க வசதியான பைத்தானின் டெக் எடுக்கலாம். வட்ட க்யூவில் காலியாக இருந்தாலும் நிரம்பியிருந்தாலும் தலையும் வாலும் ஒரே இடத்தில் நிற்கும், அதனால் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தனியாக ஒரு எண்ணிக்கை வைப்பது நல்லது.

## சரி, நம் மாணவர் பதிவுக்கு எது?

2,000 பதிவுகள், நாள் முழுக்கப் பதிவெண்ணால் தேடல், எப்போதாவது சேர்த்தல் நீக்கல், பருவத்துக்கு ஒருமுறை மதிப்பெண் பட்டியல் என்றால் நான் டிக்ஷனரி எடுப்பேன். பட்டியல் கேட்கும்போது மட்டும் மதிப்புகளை லிஸ்ட்டாக எடுத்து வரிசைப்படுத்திக்கொள்வேன், அதற்கு இருபத்தைந்தாயிரம் ஒப்பீடுகளுக்குள்தான் ஆகும், பருவத்துக்கு ஒருமுறை அது ஒரு செலவே இல்லை. இடைவெளிக் கேள்விகள் தினமும் வந்தால், டிக்ஷனரியோடு மதிப்பெண் வரிசையில் ஒரு அரேயும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேர்க்கும்போதும் நீக்கும்போதும் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒன்றை மாற்றி இன்னொன்றை விட்டால் இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். அதனால் சேர்ப்பதற்கு ஒரே ஒரு செயற்கூறு, நீக்குவதற்கு ஒரே ஒரு செயற்கூறு, வேறு எங்கிருந்தும் தொடக் கூடாது.

டிக்ஷனரியைப் பயன்படுத்தக் கூடாது, எல்லாம் கையால் எழுத வேண்டும் என்று விதி இருந்தால் வரிசைப்படுத்திய அரேயும் இருமத் தேடலும். எழுதக் குறைவு, சோதிக்கச் சுலபம், வரிசைப் பட்டியலும் இடைவெளிக் கேள்வியும் கூடவே கிடைக்கும். பதிவுகள் முந்நூறைத் தாண்டாது என்றால் வரிசைப்படுத்தாத அரேயே போதும், அறிக்கையில் அந்த முந்நூறு என்ற எண்ணைக் காரணமாக எழுதிவிடுங்கள்.

எடுத்த முடிவைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. பொய்த் தரவு உருவாக்கி 1,000, 2,000, 4,000 பதிவுகளுக்கு நிரலை ஓட்டி ஒவ்வொன்றுக்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், நேரம் மிகச் சிறிதாக வந்தால் எல்லாவற்றையும் பத்து மடங்காக்குங்கள். தரவு இரட்டிப்பாகும்போது நேரமும் இரட்டிப்பானால் எல்லாப் பதிவையும் ஒருமுறை தொடுகிறீர்கள் என்று அர்த்தம். நான்கு மடங்கானால் எங்கோ மடக்குக்குள் மடக்கு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம்: பைத்தானில் "இது லிஸ்ட்டில் இருக்கிறதா" என்று கேட்கும் ஒற்றை வரியே முழு லிஸ்ட்டையும் புரட்டுகிற தேடல்தான், அது ஒரு மடக்குக்குள் இருந்தால் நான்கு மடங்கு வந்தே தீரும். அந்த லிஸ்ட்டை செட் (ஹாஷ் டேபிள்போல் இயங்கும் தொகுப்பு) ஆக மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினால், வேறு எந்த வரியையும் தொடாமலே நான்கு இரண்டாகக் குறைந்துவிடும்.